குடியும் மனநோயும்: கோரிமேட்டு வாசலில் கேட்ட கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். பாதி சர்வீஸ் ஏற்காட்டு மலையில், மீதி சேலத்தைச் சுற்றி. இப்போது குடியிருப்பது கோரிமேட்டில். மலை பஸ் இந்த வழியாகத்தான் இறங்கும். ஜி.எச்.சுக்குப் போகிறவர்களில் பழைய முகங்கள் யாராவது இறங்கி, “சிஸ்டர், ஒரு சந்தேகம்” என்று வாசலில் நிற்பார்கள். ஆள்தான் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் எந்த மருந்து எத்தனை வேளை என்று இதில் தேடாதீர்கள்.

ஜி.எச்.சுல எங்க போய் நிக்கிறதுங்க? பைத்தியத்துக்குப் பாக்கற இடம்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?

நாம் ஜி.எச். என்று சொல்வது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. மற்ற வியாதிக்கு ஓ.பி. சீட்டு வாங்குவது போலவே வாங்கி, ‘மனநலப் பிரிவு’ என்று சொன்னால் போதும். குடியை நிறுத்த வருபவர்களுக்கும் அதே பிரிவுதான். வரிசையில் உங்களுக்கு முன்னால் தூக்கம் வராத பேங்க்காரர் இருப்பார், பரீட்சை பயத்தில் சாப்பாட்டை விட்ட பெண் இருப்பாள். யார் எதற்கு வந்தார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆதார், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை (சுகர், பிரஷர் உட்பட), இவற்றோடு ஒரு துண்டுக் காகிதமும் கொண்டுபோங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி என்றால் ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாகக் குடித்தது எப்போது என்று அதில் எழுதிவையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். முதல் நாள் மதியம் வரை ஆகும், பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டே வாருங்கள்.

எல்லோரும் சேலம் வரை வரவேண்டும் என்பதும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கே வந்து பார்த்து மருந்து கொடுக்கும். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்குள்ள நர்சிடம் கேளுங்கள். கிழமை அவ்வப்போது மாறும், போகும் முன் மறுபடி ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

அரசு மருத்துவமனையில் சீட்டு, ஆலோசனை, மாத்திரை எல்லாம் இலவசம். பஸ் காசும் போகிற கூலியும்தான் செலவு. தனியார் மருத்துவமனையில் சேர்ப்பதாக இருந்தால், காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்கிற மருந்து இருக்காமே சிஸ்டர்?

பத்துப் பேரில் ஏழு பேர் வாயைத் திறந்ததும் கேட்பது இதைத்தான். கேட்கிறவர் தலை குனிந்திருக்கும், முந்தானையில் பணம் முடிந்திருக்கும்.

அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்தைத் தூளாக்கிப் போட்டிருப்பார்கள். அது மோசமான மருந்து இல்லை. டாக்டரும் எழுதித் தருவார், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இருதயத்தையும் ஈரலையும் பார்த்த பிறகுதான். குடி ஈரலுக்குள் போய் அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருளாகி, அப்புறம் உடைந்து வெளியேறும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். அதன் மேல் ஒரு மிடறு போனாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கும். உயிரும் போகலாம். மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. இருமல் டானிக்கில் உள்ள ஆல்கஹாலே போதும்.

அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டும் ஒருவருக்கு வீட்டில் ரசத்தில் கலந்து கொடுத்தார்கள். சாயங்காலம் வழக்கம்போல ஒரு குவார்ட்டர். ராத்திரி 108-இல் கொண்டுவந்தபோது முகம் செங்கல் நிறம். மாரடைப்பா என்று டாக்டர்கள் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டம்ளர் அடியில கொஞ்சம் படிஞ்சு நின்னுச்சு, அதையும் கலக்கித்தான் குடுத்தேன்” என்றார். கணவர் பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை, ஓட்டலில் சாப்பிட்டு ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையிலேயே குடித்தார். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. எதுவானாலும் விழுங்குகிறவருக்குத் தெரிந்து விழுங்கட்டும்.

ஐயப்பனுக்கு மாலை போட்டா 48 நாள் தொடறதே இல்லை. அப்ப மருந்தில்லாமயே நிறுத்த முடியுமில்ல?

சிலரால் முடியும். எப்போதாவது குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகக் குடிக்கிறவர், பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் நாளே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், படுக்கையில் தறி நூலுக்கு முடிச்சுப் போடுவது போல விரலை ஆட்டிக்கொண்டிருப்பார்.

கார்த்திகை மாதம் முதல் வாரத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ‘சாமிக் குத்தம்’ என்று விபூதி போட்டுக்கொண்டிருப்பார்கள். சாமி ஒன்றும் செய்யவில்லை, மூளை சாராயம் கேட்கிறது. மாலை போட நினைப்பவர் பதினைந்து நாள் முன்னாலேயே மனநலப் பிரிவில் காட்டினால், மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். தேவைப்பட்டால் சில நாள் படுக்கையில் வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் தாராளமாகச் சபரிமலைக்குப் போகட்டும். 48 நாள் விரதம் நல்ல ஊன்றுகோல்தான். சிக்கல் மாலையைக் கழற்றிய மறுநாள், அதற்குத் திட்டம் இருக்கிறதா என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயாமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அதை ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். ‘தினமும் குடிக்கிறவர்’ என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

கடைச் சரக்கை விட மலைச் சாராயம் கலப்படமில்லாததுன்னு சொல்றாரே?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்தவர்களும் அப்படி நம்பித்தான் குடித்திருப்பார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை நம் சேலம் ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால் என்ற விஷம். ருசியிலும் வாசனையிலும் கண்டுபிடிக்க முடியாது. சாராயம் குடித்தபின் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், பனி மூடியது போலத் தெரிவது இருந்தால் ஒரு நிமிஷமும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் போனால் கண்ணும் உயிரும் தப்பும். ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று படுக்கவைத்து இழந்தவர்கள் அதிகம்.

அவர் வரவே மாட்டேங்கிறார். நான் மட்டும் வந்து என்ன பிரயோஜனம்?

நிறைய பிரயோஜனம். கேட்கிறவர் முதலில் வரட்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் (போனில் மனநல ஆலோசனை தரும் அரசு சேவை) 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்ற விதி கிடையாது. போதைக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது. மனநலப் பிரிவில் உள்ள ஆலோசகரிடமும் நீங்கள் மட்டும் பேசலாம்.

அவரிடம் பேச நல்ல நேரம், இரவு வாசலில் தள்ளாடும்போது இல்லை. காலையில், காபி குடித்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு. பழைய கணக்கு எல்லாவற்றையும் கொட்டாமல் நேற்று நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ‘நேத்து கொலுசுப் பட்டறை அட்வான்ஸ் ரெண்டாயிரம் எங்கேன்னு பாப்பா கேட்டா, எனக்குப் பதில் தெரியலை’ என்பது போல. முதலாளிக்கு போன் செய்து ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று நீங்கள் பொய் சொல்வதை நிறுத்துங்கள். குடிக்கடனை உங்கள் குழுக் கடனில் அடைக்காதீர்கள். இது பழிவாங்குவது போலத் தோன்றும். ஆனால் குடியின் செலவை அவரே பார்க்காதவரை, நிறுத்த அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அடிக்கிறார் என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் உங்களுக்கு வேண்டாம். முதலில் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பெண்கள் உதவி எண் 181.

போன் பண்ணினா வண்டி அனுப்பித் தூக்கிட்டுப் போற சென்டர் இருக்கு. மூணு மாசம் அடைச்சு வெச்சா திருந்திட மாட்டாரா?

ஒரு பையனை இப்படித் தூக்கியதை நேரில் பார்த்தேன். ராத்திரி பதினொரு மணி, நான்கு பேர், லுங்கியோடு காரில் ஏற்றினார்கள். அம்மா மாத்திரை டப்பாவை நீட்டினார், ‘அதெல்லாம் வேண்டாம்’ என்று தட்டிவிட்டார்கள். அவனுக்கு வலிப்பு நோய் இருந்தது. மூன்றாம் நாள் வேறு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறும் 2017 சட்டத்தின்படி மனநோயில் அடங்கும். அதனால் இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமென்றால், அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க உதவுகிறவர், பெரும்பாலும் நெருங்கிய உறவினர்) விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் அவரைத் தவிர இன்னொருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று அவர்கள் சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

ஆகவே சேர்க்கும் முன் கேளுங்கள்: பதிவு எண் என்ன, எந்த டாக்டர் பார்க்கிறார், முதல் வாரத்தில் நாங்கள் வந்து பேசலாமா? ‘ஒரு மாசம் யாரும் பார்க்கக் கூடாது’ என்ற பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். நல்ல மையங்கள் இல்லாமல் இல்லை. அங்கே வாசல் திறந்திருக்கும், சமையலறையைக் கூடக் காட்டுவார்கள்.

ஏ.ஏ. கூட்டம்னா என்னங்க, பிரசங்கமா?

இல்லை. ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லும் கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் (ஒருவர் டாக்டர்) தொடங்கியது, இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. முதல் தடவை பேசாமல் டீ குடித்துவிட்டு வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இது மருந்துக்கு மாற்று இல்லை. நடுக்கம் உள்ளவர் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நாங்க மலையில இருக்கோம். மாசா மாசம் எப்படி இறங்கறது?

இது நியாயமான புகார், என்னிடம் முழுப் பதில் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு, அதற்கு முன்னால் கிராமத்திலிருந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரை நடையோ ஜீப்போ. காபி பழம் பறிக்கிற மாதங்களில் ஒரு நாள் இறங்கினால் அந்த நாள் கூலி போச்சு. கார்த்திகை, மார்கழியில் மாத்திரை நின்று, தை முடிவில் நோய் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளி மேல் தப்பில்லை, காலண்டர் அப்படி.

செய்யக்கூடியது சில உண்டு. முதல் முறை டாக்டரைப் பார்க்கும்போதே ‘எஸ்டேட் வேலை, பறிப்புக் காலத்தில் வர முடியாது’ என்று சொல்லுங்கள். நிலை சீராக இருந்தால் கூடுதல் நாட்களுக்கு மருந்து தர முடியுமா என்று பார்ப்பார். மலையில் உள்ள அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டைக் காட்டி, அதே மாத்திரை அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். கிராம செவிலியரிடம் சொல்லிவைத்தால் மருந்து தீரும் தேதியை அவர் குறித்துக்கொள்வார். நான் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் குறித்தேன், பெயர் போடாமல் வீட்டு அடையாளம் மட்டும் போட்டு: ‘பலா மரம், 12-ஆம் தேதி’. 14416-க்கு சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று பேசினால் போதும்.

குணசீலம் கூட்டிட்டுப் போகவா, மாத்திரை குடுக்கவா?

இரண்டும் செய்யுங்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கி குணமானதாகச் சொல்பவர்கள் உண்டு, சேர்வராயன் கோயிலில் வேண்டுதல் வைத்துவிட்டு மாத்திரையைத் தொடர்கிறவர்களும் உண்டு. மந்திரிப்பவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: ‘தாயத்து கட்டுங்க, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க.’ பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கட்டிப் போடுகிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

எல்லாமே தூக்க மாத்திரைதானே? பழகிடாதா?

இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு வாரம் சாப்பிட்டு ‘கேக்கலை’ என்று விடுவதுதான் அடிக்கடி நடப்பது. சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இவை போதையாகப் பழகாது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல் போன்ற தொல்லை வரும், அதனால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பழகிப்போகிற வகை உண்மையான தூக்க மாத்திரைகள்தான், அவற்றைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுவார்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களாகத் தொடர்ந்து வாங்கினால்தான் வம்பு.

பையன்கிட்ட கூல் லிப் இருந்துச்சு, இப்ப கஞ்சாவும்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸுக்குத் தெரிஞ்சிடுமா?

சிகிச்சைக்கு வந்தவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. தன் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவிலோ சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். விற்றவருக்கு இது பொருந்தாது.

கூல் லிப் போல கன்னத்துக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கிற பழக்கத்துக்கு 1800-11-2356 என்ற எண். அவன் தனக்குத்தானே பேசுகிறான், யாரோ கண்காணிப்பதாகச் சொல்கிறான் என்றால் ‘வயசுக் கோளாறு’ என்று காத்திருக்க வேண்டாம், கஞ்சாவால் மனச்சிதைவு போன்ற நிலை வரலாம். ஊசி போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளியில் நாலு பேர் முன்னால் பையைக் கொட்டிச் சோதிப்பதால் நான் கண்ட பலன், மறுநாள் முதல் அவன் பையில் வைக்காமல் சாக்ஸில் வைப்பான் என்பதுதான்.

ஒரு வருஷம் தொடாம இருந்தவர் ஆடிப் பண்டிகையில மறுபடி ஆரம்பிச்சிட்டார். எல்லாம் வீண்தானே?

அந்த ஒரு வருஷம் எங்கேயும் போகவில்லை. சுகர் ஏறினால் டாக்டரை மாற்றிப் பார்க்கிறோமே தவிர, ‘இனி வைத்தியமே வேண்டாம்’ என்கிறோமா? அடுத்த நாளே கூட்டிப் போங்கள், ஒரு மாதம் கழித்துப் போவதற்கும் அதற்கும் வித்தியாசம் பெரிது. அடுத்த ஆடிக்கு முன்பே அந்தப் பண்டிகை நாட்களில் எங்கே இருப்பது, யார் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று பேசி வையுங்கள். மாலை கழற்றிய மறுநாளைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

செத்துப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. மிரட்டறாளா, நெசமா? ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆகுமா?

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம், கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகாது, கேட்டதும் அழுது இறக்கி வைப்பவர்களே அதிகம். தனியாக விடாதீர்கள். தோட்டத்து மருந்தையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். 14416 அல்லது 104 (அரசு மருத்துவ ஆலோசனை எண்). அவசரம் என்றால் 108.

முயற்சி நடந்துவிட்டால், கேஸ் பயத்தில் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன விழுங்கினார் என்பதை மாற்றிச் சொல்லாதீர்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள். போலீஸ் வந்து விவரம் எழுதிக்கொள்வார்கள், அது நடைமுறை. ஆனால் 2018-இல் நடைமுறைக்கு வந்த அதே 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிறோம். மாத்திரை சாப்பிடறதைச் சொல்லணுமா? சொன்னா நின்னுடுமே.

நிற்கலாம். இரண்டு சம்பந்தம் நின்றதைப் பார்த்திருக்கிறேன், சொல்லாமல் முடித்த நான்கு வீட்டையும் பார்த்திருக்கிறேன். முக்கியமான விஷயத்தை மறைத்து நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, புது வீட்டில் பெண் மாத்திரையை ஒளித்து வைப்பது. ஒரு பெண் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். மாமியார் டின்னைக் கழுவிக் காயவைத்த அன்றோடு மாத்திரை போயிற்று, இரண்டு வாரத்தில் தூக்கமும் போயிற்று. ஊருக்கே சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையிடம், நிச்சயத்துக்கு முன்னால், பெண்ணே சொல்லட்டும். அவர் விரும்பினால் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பேசவையுங்கள், அந்த ஓ.பி. நாளில் நானும் கூட வருகிறேன்.

பேச்சு முடிவானதும் டாக்டரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தைக்கு ஆகாது, மாற்றிக் கொடுக்க அவருக்குச் சில மாதம் வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு ஓடி வராதீர்கள்.